ஓவர்கிளாக் செய்யும் எண்ணத்தோடு பிசி வாங்குகிறீர்களா? எதில் பணம் போடுவது, எந்த வரிசையில் கை வைப்பது

கேள்வி சுருக்கமாக இது. புது டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய வேண்டும். இன்டெல் ஐ5-14600கே, ஏஎம்டி ரைசன் 7 7700எக்ஸ் இரண்டில் ஒன்று. கேமும் வீடியோ எடிட்டிங்கும்தான் வேலை. ஏசி இல்லாத அறை. ஓவர்கிளாக் செய்ய, அதாவது சிப்பை நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, ஆசை உண்டு. மதர்போர்டு, கூலர், ரேம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எதை வாங்குவது, வாங்கியபின் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். 1998இல் வந்த செலரான் 300ஏ ப்ராசஸரில் பஸ் வேகத்தை (சிப்பின் அடிப்படைத் துடிப்பை) 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது. செலவில்லாமல் 50 சதவீதம் லாபம். 2011இல் வந்த ஐ5-2500கே 3.7 கிகாஹெர்ட்ஸ் டர்போவிலிருந்து 4.5ஐ அலட்சியமாகத் தொட்டது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்றைய சிப்பில் இருக்கும் கூடுதல் வேகத்தை இன்டெலும் ஏஎம்டியும் ஃபேக்டரியிலேயே பிழிந்தெடுத்து, "டர்போ", "பூஸ்ட்" என்று பெயரிட்டு விற்றுவிடுகின்றன. 14600கே பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 5.3 கிகாஹெர்ட்ஸ். உழைத்தால் 5.5, சிப் நன்றாக அமைந்தால் 5.6. அதாவது 4 முதல் 6 சதவீதம்.

அந்த 6 சதவீதத்துக்கு என்ன விலை? சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். 1.20 வோல்ட்டில் 5.1 கிகாஹெர்ட்ஸ் ஓடும் சிப்பை 1.30 வோல்ட் கொடுத்து 5.4க்கு ஏற்றினால் வேகம் 6 சதவீதம் கூடும். மின்சாரமும் சூடும் 24 சதவீதம் கூடும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் இன்றைக்கான வழி தெரிகிறது. வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 5 சதவீதம் குறைத்தால் சூடு ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். சூடு குறைந்தால் பூஸ்ட் தானாகவே மேலே போகும், அதிக நேரம் அங்கேயே நிற்கும். ஆகவே இன்றைய ப்ராசஸரில் முதலில் இறக்க வேண்டியது வோல்டேஜ். வேகத்தை ஏற்றுவது அதற்குப் பிறகு. இனி சொல்வதெல்லாம் இந்த வரிசையில்தான்.

எந்த ப்ராசஸர், எந்த போர்டு

இன்டெலில் மல்டிப்ளையர் (பஸ் வேகத்தை எத்தனையால் பெருக்கினால் கோர் வேகம் வரும் என்ற எண்) மாற்ற முடியும்படி திறந்திருப்பது 'கே', 'கேஎஃப்', 'கேஎஸ்' என்று முடியும் மாடல்களில் மட்டும். அதைத் தொட இசட் வரிசை சிப்செட் உள்ள போர்டு வேண்டும்: 14600கேவுக்கு இசட்690 அல்லது இசட்790. பி760 போர்டில் ரேமை வேகமாக ஓட்டலாம், ஆனால் கோர் மல்டிப்ளையரை ஏற்ற முடியாது. கே சிப்பை பி760இல் போடுவது பாவமல்ல, நன்றாகவே ஓடும். ஆனால் ஓவர்கிளாக் ஆசை அத்தோடு முடிந்தது. கே இல்லாத சிப்புக்கு இசட்790 வாங்குவதுதான் காசைக் கொட்டுவது.

ஏஎம்டியில் கிட்டத்தட்ட எல்லா ரைசனும் திறந்தவை. பி650, எக்ஸ்670, பி850, எக்ஸ்870 எதுவும் போதும். ஏ620 மட்டும் வேண்டாம், அதில் ப்ராசஸர் ஓவர்கிளாக் இல்லை. எக்ஸ்3டி மாடல்களில் ஒரு கவனம்: 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி இரண்டிலும் மல்டிப்ளையர் பூட்டியிருக்கும் (7800எக்ஸ்3டியில் கர்வ் ஆப்டிமைசர் என்ற வோல்டேஜ் குறைக்கும் வசதி மட்டும் வேலை செய்யும்). 9800எக்ஸ்3டி முழுக்கத் திறந்தது.

இரண்டில் எது? உங்கள் கேமரா 4:2:2 10-பிட் எச்.265 கோப்புகளைத் தருகிறது என்றால் 14600கே. அதன் உள்ளமைந்த கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சின்க் அந்தக் கோப்புகளை ஹார்டுவேரிலேயே டீகோட் செய்யும், டைம்லைன் இழுக்காது. 6 பி-கோர் (வேகமானவை), 8 இ-கோர் (சிக்கனமானவை) என 20 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) இருப்பதால் ரெண்டரிங்கிலும் அதுதான் முன்னே. அப்படிப்பட்ட கோப்புகள் இல்லையென்றால் 7700எக்ஸ் வாங்கச் சொல்வேன். எல்ஜிஏ1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்தது. ஏஎம்5க்கு 2027 வரையாவது ப்ராசஸர் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஏசி இல்லாத அறையில் 7700எக்ஸின் 142 வாட்டைச் சமாளிப்பது 14600கேவின் 181 வாட்டைச் சமாளிப்பதைவிட எளிது.

போர்டு வாங்கும்போது விளம்பரத்தில் 14+2+1 என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். அது விஆர்எம், அதாவது எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை ப்ராசஸருக்கு வேண்டிய 1.2 வோல்ட்டாக இறக்கும் பகுதி. முதல் எண்தான் கோர்களுக்கான ஃபேஸ்களின், அதாவது மின்பாதைகளின், எண்ணிக்கை. ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும், அதன்மேல் உண்மையான அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிறதா, வெறும் பிளாஸ்டிக் மூடியா என்பவைதான் முக்கியம். 1.2 வோல்ட்டில் 140 வாட் என்றால் ஓடும் கரண்ட் 115 ஆம்பியருக்கு மேல். ஹீட்சிங்க் இல்லாத மலிவு போர்டில் பத்து நிமிட ரெண்டரிங்குக்குப் பிறகு விஆர்எம்மில் இருக்கும் மாஸ்ஃபெட் (மின் சுவிட்ச்) கொதித்து, போர்டு ப்ராசஸரின் வேகத்தை வெட்டும். ப்ராசஸர் சூடு 75தான் காட்டும், வேகம் மட்டும் விழுந்திருக்கும். காரணம் தெரியாமல் கூலரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். 7700எக்ஸுக்கு நடுத்தர பி650 தாராளம். எக்ஸ்670இ விலைக்கு இங்கே வேலை இல்லை. இன்னொன்று: சிப் இல்லாமலே பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் பின்பக்கம் இருக்கும் போர்டாகப் பாருங்கள். அடுத்த தலைமுறை சிப் வாங்கும் நாளில் கைகொடுக்கும்.

கூலரும் மே மாத வெயிலும்

கூலர் என்பது அறைக் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்காது. லிக்விட் கூலரும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட வாட்டில் உங்கள் கூலர் சிப்பை அறை வெப்பத்தைவிட 60 டிகிரி மேலே வைக்கிறது என்று கொள்ளுங்கள். வெளிநாட்டு ரிவ்யூக்கள் 21 முதல் 25 டிகிரி அறையில் சோதிப்பார்கள், 81 முதல் 85 வரை காட்டும். வேலூரிலோ திருச்சியிலோ மே மாத மத்தியானம் அறை 38 டிகிரி. அதே கூலர், அதே சிப், 98 டிகிரி. எனவே யூடியூபில் பார்த்த செட்டிங்கை அப்படியே போட்டுவிட்டு "எனக்கு மட்டும் ஏன் சூடு" என்று குழம்ப வேண்டாம். மார்கழியில் செட் செய்ததை மே மாதத்தில் ஒருமுறை மறுபடி சோதித்துப் பாருங்கள்.

7700எக்ஸில் ஒரு தனிக் குணம் உண்டு. அது 95 டிகிரி வரை போவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. முழு லோடில் 95ஐத் தொட்டு நின்றால் கூலர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. கோர்கள் இருக்கும் சிப்லெட் சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான். அந்தச் சின்ன இடத்திலிருந்து 100 வாட்டுக்கு மேல் வெளியேற வேண்டும், அதற்குமேல் தடிமனான உலோக மூடி வேறு. அதனால்தான் 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் போட்டாலும் எதிர்பார்த்த அளவு சூடு இறங்குவதில்லை. காசு வேஸ்ட். இரட்டை டவர் ஏர் கூலர் போதும்: தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, டீப்கூல் ஏகே620 போன்றவை. 14600கேவை 181 வாட்டுக்குள் வைத்தால் அதற்கும் இவையே போதும். அதைத் தாண்டி ஏற்றும் எண்ணம் இருந்தால்தான் 360 மில்லிமீட்டர் லிக்விட்.

வாங்கும் முன் உயரத்தைப் பாருங்கள். பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மில்லிமீட்டர், ஏகே620 160, நாக்டுவா என்எச்-டி15 165. கேபினெட்டின் விவரத்தில் கூலர் உயரம் எவ்வளவு வரை என்று போட்டிருக்கும். ரேமின் தலையில் ஆர்ஜிபி விளக்கு உயரமாக இருந்தால் முன்பக்க ஃபேன் அதில் இடிக்கும், ஃபேனை மேலே தூக்கி மாட்ட வேண்டிவரும், அந்த உயரத்தையும் கணக்கில் சேருங்கள். பழைய ஏஎம்4 கூலரை ஏஎம்5இல் மாட்டலாம், ஆனால் போர்டோடு வந்த பின்தகட்டையே பயன்படுத்தும் கூலராக இருக்க வேண்டும். ஏஎம்5இல் அந்தத் தகட்டைக் கழற்ற முடியாது.

மாட்டும்போது நடக்கும் தவறுகளில் முதலிடம், கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் விடுவது. சிரிக்காதீர்கள், விண்டோஸ் வருவதற்குள் 95 டிகிரி என்று வரும் புகார்களுக்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, ஸ்குருக்களை ஒரு பக்கம் முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போவது. இரண்டு இரண்டு திருகாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். தெர்மல் பேஸ்டை நடுவில் பட்டாணி அளவு, நான்கு மூலையிலும் சின்னப் புள்ளி வைத்தால் போதும். ரைசன் 7000இன் மூடியில் ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும், அதற்குள் கொஞ்சம் பேஸ்ட் போனாலும் கவலையில்லை, சாதாரண பேஸ்ட் கரண்ட் கடத்தாது. லிக்விட் மெட்டல் கடத்தும்; அதை இந்தச் சிப்பின் மேல் கொண்டுபோகாதீர்கள். எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பூட்டும் கம்பி சிப்பை லேசாக வளைக்கும் என்பதால் கான்டாக்ட் ஃபிரேம் விற்கிறார்கள். போடலாம், சில டிகிரி குறையும். அளவுக்கு மீறி இறுக்கினால் ரேமின் ஒரு சேனல் காணாமல் போகும். 32 ஜிபி போட்டு 16 காட்டினால் முதலில் அந்த ஸ்குருக்களைத் தளர்த்திப் பாருங்கள்.

கேபினெட் முன்பக்கம் கண்ணாடியாக அடைத்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பயனில்லை. வலை முகப்பு, முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. அவ்வளவுதான்.

ரேம்

இந்தப் பட்ஜெட்டில் உண்மையாகவே உணரக்கூடிய வேகம் ரேமில் இருக்கிறது. 7700எக்ஸுக்கு 16 ஜிபி இரண்டு, டிடிஆர்5-6000, சிஎல்30, எக்ஸ்போ ப்ரொஃபைல் (ரேமை அதில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் ஆயத்த செட்டிங்) உள்ளது. ஏன் 6000? அந்த வேகத்தில் ரேம் 3000 மெகாஹெர்ட்ஸ், மெமரி கன்ட்ரோலரும் 3000 மெகாஹெர்ட்ஸ், ஒன்றுக்கு ஒன்று. 6400க்கு மேல் பெரும்பாலான சிப்கள் இந்த இணைப்பைத் தாங்காமல் கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்க வேண்டிவரும், ஏற்றிய லாபம் அங்கேயே கரையும்.

சிஎல் எண்ணை (ரேம் பதில் தர எடுக்கும் சுற்றுகள்) தனியாகப் பார்க்காதீர்கள். சிஎல்லை 2000ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால் நானோசெகண்ட் கிடைக்கும். 6000 சிஎல்30 என்றால் 10 நானோசெகண்ட், 6000 சிஎல்36 என்றால் 12, 5200 சிஎல்40 என்றால் 15.4. பழைய டிடிஆர்4-3200 சிஎல்16ம் அதே 10தான்.

நான்கு ஸ்டிக் போடாதீர்கள். ரைசன் 7000இல் இரண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் 5200, நான்கு ஸ்டிக்குக்கு 3600தான். பின்னால் 64 வேண்டுமென்று தோன்றினால் இப்போதே 32 ஜிபி இரண்டு வாங்குங்கள். இரண்டு ஸ்டிக்கையும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ரேம் டிரெய்னிங் நடக்கிறது, பதறி பவரை அணைக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ்

ப்ராசஸர் 142 வாட், ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் போன்ற கார்டு 220 வாட், மற்றவை எல்லாம் சேர்த்து 70 என்று வைத்தால் 430ஐ ஒட்டி வரும். கிராபிக்ஸ் கார்டு மில்லிசெகண்ட் கணக்கில் திடீரென்று இதைவிட அதிகம் இழுக்கும். 650 வாட் போதும், 750 வாட் 80 பிளஸ் கோல்டு நிம்மதி. மாடுலர் எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய கேபிளைப் புதியதில் மாட்டவே கூடாது. பிளக் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை பிராண்டுக்குப் பிராண்டு வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் ஒரே நொடியில் போகும்.

வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். ரெண்டரிங் நடக்கும்போது கரண்ட் போனால் அது பீப் அடித்து அணைந்துவிடும். 600 வாட்டாவது தரும் 1000 விஏ அல்லது மேல் பாருங்கள். ஓவர்கிளாக் செய்யாவிட்டாலும் பயாஸ் அப்டேட்டுக்காகவே யுபிஎஸ் வேண்டும். பாதியில் கரண்ட் போனால், ஃபிளாஷ்பேக் பட்டன் இல்லாத போர்டுக்கு அது பெரிய தலைவலி.

கை வைப்பதற்கு முன்

பயாஸைக் கடைசி பதிப்புக்கு ஏற்றுங்கள். இது சடங்கு அல்ல. 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில சாக்கெட்டோடு கருகியபோது காரணமாகக் கண்டது எஸ்ஓசி வோல்டேஜ் (சிப்பின் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போவது) அளவுக்கு மீறி ஏறியதை. அதன்பின் வந்த பயாஸ்கள் அதை 1.30 வோல்ட்டில் பூட்டின. இன்டெலில் 13, 14ஆம் தலைமுறை சிப்கள் அதிக வோல்டேஜ் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன விவகாரத்துக்கு 2024இல் 0எக்ஸ்129, பிறகு 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோட் (சிப்பின் உள்மென்பொருள்) திருத்தங்கள் வந்தன, வாரண்டியும் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. 14600கே அந்தப் பட்டியலில் உண்டு. பழைய பயாஸோடு அதை ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம்.

விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதன் ரெக்கவரி கீயை அப்டேட்டுக்கு முன் எழுதி வையுங்கள். பயாஸ் மாறியதும் டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) மாறிவிட்டதாக நினைத்து விண்டோஸ் கீ கேட்கும். முக்கியமான கோப்புகளுக்கு வேறு டிஸ்க்கில் நகல் இருக்கட்டும். நிலையில்லாத ரேம் சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுக்கும்.

பிறகு எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டி, ஸ்கோர், அதிகபட்ச சூடு, வாட், கோர் வேகம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'எஃபெக்டிவ் கிளாக்' என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். வோல்டேஜ் போதாதபோது சிப் கிராஷ் ஆகாமல் கிளாக்கை இழுத்து நீட்டிச் சமாளிக்கும். மேலே 5.4 என்று காட்டும், எஃபெக்டிவ் கிளாக் 5.1இல் கிடக்கும், ஸ்கோரும் குறைந்திருக்கும்.

7700எக்ஸில் செய்முறை

முதலில் ரேம் மட்டும். எக்ஸ்போவை ஆன் செய்து, எஸ்ஓசி வோல்டேஜ் எவ்வளவு என்று பாருங்கள். 6000க்கு 1.20 முதல் 1.25 போதும், போர்டு தானாக 1.30 போட்டிருந்தால் கையால் இறக்குங்கள். எஃப்கிளாக் (சிப்பின் உள்பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகம்) 2000. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை நான்கு சுற்று ஓட விடுங்கள். ஒரு பிழைகூட வரக்கூடாது. ஒரே ஒரு பிழைதானே என்று விடுவது பின்னால் ப்ராசஸர் மேல் வீண்பழியாக வரும். இந்தப் படி முடியாமல் ப்ராசஸரைத் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் கிராஷ் ஆகும்போது யார் குற்றவாளி என்று தெரியாது.

அடுத்து ப்ராசஸர். ரைசனில் எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டும் பழைய முறை நஷ்டம். 5.2இல் பூட்டினால் ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது கிடைக்கும் 5.4க்கு மேலான பூஸ்ட் போய்விடும், கேமில் வேகம் குறையும். அதற்குப் பதில் பயாஸில் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், அதாவது பிபிஓ என்ற பகுதியை அட்வான்ஸ்டு ஆக்கி, கர்வ் ஆப்டிமைசரில் 'ஆல் கோர்ஸ்', 'நெகட்டிவ்', 10 என்று போடுங்கள். ஒரு எண் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். 10 என்றால் 30 முதல் 50 மில்லிவோல்ட் குறைவு. சினிபெஞ்ச் ஓட்டினால் ஸ்கோர் கொஞ்சம் ஏறியிருக்கும். பிறகு 15, அப்புறம் 20.

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். 30 போட்டு சினிபெஞ்சும் ப்ரைம்95 என்ற கடும் சோதனையும் மணிக்கணக்கில் ஓடும், "ஸ்டேபிள்" என்று முடிவுகட்டுவார்கள். மறுநாள் பிரவுசரில் எதையோ படித்துக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். காரணம் உண்டு. எல்லாக் கோரும் உழைக்கும்போது வாட் வரம்பும் சூடும் சேர்ந்து வேகத்தை 5.1, 5.2க்கு அமுக்கிவிடுகின்றன; அந்த வேகத்துக்கு, குறைத்த வோல்டேஜும் போதும். லேசான வேலையில் ஒரே ஒரு கோர் 5.5ஐ ஒட்டிப் பாயும், அந்த உச்சியில்தான் வோல்டேஜ் பற்றாக்குறை கடிக்கும். ஆகவே கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கோர்சைக்கிளர் என்ற இலவசக் கருவி ப்ரைம்95ஐ ஒரு கோரில் ஓட்டி, முடிந்ததும் அடுத்த கோருக்கு நகர்த்தும். கோருக்குப் பத்து நிமிடம் என்றால் எட்டுக் கோருக்கு ஒரு சுற்று 80 நிமிடம். இரவில் விட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் எந்தக் கோர் தோற்றது என்று பதிவில் இருக்கும். அந்தக் கோருக்கு மட்டும் 20ஐ 15 ஆக்குங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம்.

பெரும்பாலும் தோற்பது சிப்பின் 'சிறந்த' கோர்கள்தான். விண்டோஸ் முதலில் வேலை கொடுப்பது அவற்றுக்குத்தான், ஃபேக்டரியிலேயே அவற்றின் வோல்டேஜ் இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கும், குறைக்க இடமிருக்காது. மோசமான கோர் 30ஐத் தாங்கும், சிறந்த கோர் 8இல் மூச்சு வாங்கும். இது சகஜம்.

பிபிஓ வரம்புகளில் 'மதர்போர்டு லிமிட்' என்று ஒரு தேர்வு இருக்கும். எல்லோரும் அதைத்தான் போடச் சொல்வார்கள். நம் ஊர் அறையில் அதற்குப் பலன், 95 டிகிரியைச் சீக்கிரம் தொடுவது மட்டுமே. பிபிடி (மொத்த வாட்) 142, டிடிசி (நீடித்த ஆம்பியர்) 110, இடிசி (உச்ச ஆம்பியர்) 170 என்ற சொந்த வரம்பிலேயே விடுங்கள். கோடையில் பிபிடியை 120க்கு இறக்கி, தெர்மல் லிமிட் 85 என்று போட்டால் ரெண்டரிங்கில் சில சதவீதமே இழப்பீர்கள், ஃபேன் சத்தம் குறையும். பூஸ்ட் ஓவர்ரைடு 200 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதிக்கும்; அதை ஏற்றினால் உச்சியில் வோல்டேஜ் பசி கூடி, நெகட்டிவ் எண்களைத் திரும்பக் குறைக்க வேண்டிவரும். என் கணக்கில் பூஜ்யத்திலேயே விடலாம். 'ஸ்கேலர்' என்பதை 1இல் வையுங்கள், அது சிப்பை அதிக வோல்டேஜில் அதிக நேரம் நிற்க அனுமதிக்கும் திருகு.

14600கே எடுத்தால்

பயாஸில் முதலில் 'இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்'. பல போர்டுகள் பெட்டியிலிருந்து வரும்போதே வாட் வரம்பைத் திறந்துவிட்டிருக்கும். பிஎல்1 (நீடித்த வாட் வரம்பு), பிஎல்2 (குறுகிய நேர வாட் வரம்பு) இரண்டும் 181 வாட். எக்ஸ்எம்பி (எக்ஸ்போவின் இன்டெல் வடிவம்) போட்டு ரேமைச் சோதித்து முடித்தபின், வோல்டேஜை அடாப்டிவ் முறையில் மைனஸ் 50 மில்லிவோல்ட் ஆஃப்செட் கொடுங்கள். சூடு குறைந்து, ஸ்கோரும் சேர்ந்து குறைந்தால் ஐஏ சிஇபி என்ற பாதுகாப்பு குறுக்கிடுகிறது: கேட்டதைவிடக் குறைந்த வோல்டேஜ் வருகிறது என்று சிப் தன் கிளாக்கை இழுத்துப் பிடிக்கிறது. இசட் போர்டில் அதை அணைக்கலாம்.

அது நின்றபின் மல்டிப்ளையர். பஸ் 100 மெகாஹெர்ட்ஸ், பி-கோர் 53 என்றால் 5.3. அதை 54, சோதனை, 55, சோதனை. இ-கோரை 40இலிருந்து 42க்கு. லோடில் 1.30 வோல்ட்டுக்கு மேல் கேட்கிறது என்றால் அந்தப் படியில் நிறுத்திவிடுவது நல்லது, 1.35ஐத் தாண்டவே வேண்டாம். சூடு 90க்குள்.

லோட்லைன் கேலிப்ரேஷனில் ஒரு கண்ணி இருக்கிறது. லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்குவதை எவ்வளவு தடுப்பது என்பதை அது தீர்மானிக்கும். ஆசுஸ் போர்டில் எண் பெரிதாகப் பெரிதாக இறக்கம் குறையும், 8தான் மட்டமான கோடு. எம்எஸ்ஐயிலும் ஆஸ்ராக்கிலும் தலைகீழ், 1தான் மட்டம். ஆசுஸ்காரர் சொன்ன எண்ணை எம்எஸ்ஐயில் போட்டால் நேர்மாறாகும். எந்த போர்டிலும் நடுவில் வையுங்கள். மட்டமான கோடு அழகாகத் தெரியும், ஆனால் லோடு திடீரென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் மேலே குதிக்கும். மென்பொருள் அந்தக் குதிப்பைக் காட்டாது, சிப் வாங்கிக்கொள்ளும்.

கிராஷ் ஆனால் எதைச் சந்தேகிப்பது

நீலத் திரையில் 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்றோ 'வீயா அன்கரெக்டபிள் எரர்' என்றோ வந்தால் பெரும்பாலும் கோர் வோல்டேஜ் போதவில்லை. 'மெமரி மேனேஜ்மென்ட்' அல்லது 'ஐஆர்க்யூஎல்' என்று தொடங்குவது வந்தால், கேம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மூடிக்கொண்டால், பெரிய ஜிப் கோப்பு பிரிக்கும்போது பழுது என்றால் ரேமைச் சந்தேகியுங்கள். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் வீயா லாகர் (ஹார்டுவேர் பிழைப் பதிவு) 18 என்று இருந்தால் அதில் ப்ராசஸர் ஏபிஐசி ஐடி என ஒரு எண் இருக்கும். 7700எக்ஸில் கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் அந்த எண்ணை 2ஆல் வகுத்தால் தோற்ற கோர் கிடைக்கும்: 6 என்றால் பூஜ்யத்திலிருந்து எண்ணும் கணக்கில் 3ஆவது கோர். வீயா 19 வந்துகொண்டே இருந்தும் கிராஷ் ஆகாவிட்டால் எஃப்கிளாக்கைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பயாஸில் எதுவுமே மாற்றாத நிலையிலும் இவை வந்தால் அது வாரண்டிக்கு அனுப்ப வேண்டிய பாகம்.

ஆன் ஆகவே இல்லையா? மூன்று நான்கு முறை தானே முயன்று போர்டு பழைய நிலைக்குத் திரும்பும், பொறுங்கள். திரும்பாவிட்டால் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, சிமாஸ் கிளியர் என்று எழுதிய இரண்டு பின்களை ஸ்குரு டிரைவர் முனையால் சில நொடி தொடுங்கள். அல்லது சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். செட்டிங் எல்லாம் அழியும், எனவே நன்றாக ஓடிய ஒவ்வொரு படியையும் பயாஸ் ப்ரொஃபைலாக சேமித்து, திரையை போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு இரண்டு நிறுவனங்களும் பொறுப்பேற்பதில்லை. ஏஎம்டியின் கணக்கில் எக்ஸ்போவும் ஓவர்கிளாக்தான். வோல்டேஜும் சூடும் சேர்ந்து சிப்பை மெல்லத் தேய்க்கும். மாதக்கணக்கில் நின்ற செட்டிங் திடீரென்று அதே வேகத்துக்கு இன்னும் 20 மில்லிவோல்ட் கேட்க ஆரம்பித்தால், முதலில் கூலரில் தூசி, பேஸ்ட், அறை வெப்பம் மூன்றையும் சரிபாருங்கள். அவை சரியென்றால் தேய்மானம் தொடங்கிவிட்டது. அப்போது வோல்டேஜை ஏற்றிச் சமாளிக்காமல் மல்டிப்ளையரை ஒரு படி இறக்குங்கள். ரைசனில் என்றால் தோற்கும் கோரின் நெகட்டிவ் எண்ணை 5 குறையுங்கள்.